பள்ளிக்கூடமே குப்பை கேக்குதா?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் காலனிக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் பக்கத்துத் தெரு ஆங்கில வழிப் பள்ளியின் தாளாளர். மற்ற இருவரும் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள். சுற்றுச்சூழல். சணல் பை, கதர் ஜிப்பா, கையில் செம்புத் தண்ணீர் பாட்டில். டீ போடச் சொன்னேன். வேண்டாமாம், வெயில் அதிகமாம். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழகிப்போச்சு.

அவர்கள் கொண்டுவந்தது ஒரு திட்டம். காலனிப் பிள்ளைகள் முப்பது பேருக்கு மேல் அந்தப் பள்ளியில் படிக்கிறார்கள். பாதிப் பேருக்கு ஃபீஸ் பாக்கி. இனிமேல் பணம் கட்ட வேண்டாம். வாரா வாரம் பிளாஸ்டிக் குப்பை கொண்டுவந்து கொடுத்தால் போதும். எடை போட்டு, பிள்ளை பெயரில் வரவு வைத்து, கட்டணத்தில் கழித்துக்கொள்வார்கள். ஊரும் சுத்தமாகும், பிள்ளையும் படிக்கும். "ஒரே கல்லுல ரெண்டு மாங்கா சார்" என்றார் தாளாளர். என்னைத் தேடி வந்ததற்குக் காரணம், காலனியில் இருந்து அரசு வேலைக்குப் போனவர்களில் நான் ஒருத்தன். அஞ்சல் துறை. "நீங்க உங்க சமூகத்துல இருந்து படிச்சு மேல வந்தவர். நீங்க ரெண்டு வார்த்தை சொன்னா ஜனங்க கேப்பாங்க." பெற்றோர் கூட்டத்துக்குத் தேதியும் குறித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். நான் மேடையில் உட்கார வேண்டும். சால்வை உண்டு.

அவர்கள் விட்டுப்போன வழவழப்புத் தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா முப்பத்தோரு வருஷம் நகராட்சியில் தெருக்கூட்டியவள். வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே கடைசிவரை கேட்டாள். அப்புறம் சொன்னாள்: "குப்பையில இருந்து உன்னயத் தரதரன்னு இழுத்தாந்து பள்ளிக்கூடத்துல தள்ளுனேன்டா. இப்பப் பள்ளிக்கூடமே குப்பை கேக்குதா?"

தோழர்களே, அந்தக் கேள்வியை இறக்கி வைக்க முடியாமல்தான் இதை எழுதுகிறேன்.

திட்டம் இவர்களாகக் கண்டுபிடித்தது இல்லை. தாளிலேயே படம் போட்டிருந்தது. அசாம் மாநிலத்தில் குவஹாத்தி நகரத்தின் ஓரம் பாமோஹி என்றொரு இடம். 2016இல் பர்மிதா சர்மா, மாஸின் முக்தார் என்ற இருவர் அங்கே 'அக்ஷர்' என்ற பள்ளியைத் தொடங்கினார்கள். சுற்றிலும் கல் குவாரி. பிள்ளைகள் கல் உடைக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். பள்ளி தொடங்கியபோது கட்டணம் கிடையாது. குளிர்காலம் வந்தது. ஜனங்கள் குளிர் காய பிளாஸ்டிக்கை எரித்தார்கள். நச்சுப் புகை வகுப்பறைக்குள் வந்து பிள்ளைகளுக்கு இருமல், தலைவலி. எரிக்காதீர்கள், எங்களிடம் கொடுத்தனுப்புங்கள் என்று கேட்டுப் பார்த்தார்கள். ஒருத்தரும் அனுப்பவில்லை. அதற்கப்புறம்தான் 'கட்டணம் உண்டு, பணமாகக் கட்டுங்கள், இல்லையென்றால் பிளாஸ்டிக்காகக் கட்டுங்கள்' என்று ஆரம்பித்தார்கள். பிள்ளைக்கு வாரம் 25 பிளாஸ்டிக் பொருள். பிஸ்கட் கவர், எண்ணெய்க் கவர், பாட்டில். வீட்டில் இனி எரிக்க மாட்டோம் என்று பெற்றோரிடம் உறுதியும் வாங்கினார்கள். கவர்களைப் பாட்டிலுக்குள் திணித்து அடைத்துக் கல் மாதிரி ஆக்கி, மரத்துக்கு வேலி, நடைபாதை என்று கட்டினார்கள்.

இதில் ஒன்றை நான் மனசார மதிக்கிறேன். குவாரிக்குப் போய்க் கூலி வாங்கிய பெரிய பிள்ளைகளைப் பள்ளியில் நிறுத்தி வைப்பது எப்படி என்று அவர்கள் யோசித்தார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தால் அதற்குக் கூலி. விளையாட்டு நோட்டு மாதிரி ஒரு பள்ளிப் பணம். அதைக் கொண்டு தின்பண்டம், செருப்பு, துணி வாங்கிக்கொள்ளலாம். படித்துக்கொண்டே பாடம் சொல்லிக் கொடுத்துச் சம்பாதிப்பது. நம் பிள்ளைகளுக்கு யாராவது இப்படி ஒரு கூலி கொடுத்தால் நான் சால்வை இல்லாமலேயே மேடை ஏறுவேன். ஆனால் உலகம் முழுக்கப் பத்திரிகைகள் கொண்டாடியது அதையா? குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிற பிள்ளையின் படத்தைத்தான். எங்கள் ஊருக்கு வந்த தாளிலும் அந்த மாதிரிப் படம்தான் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுத்துக் கூலி வாங்குகிற பிள்ளையின் படம் இல்லை.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். வாரம் 25. பள்ளி நடக்கிற வாரம் நாற்பது என்று வைத்துக்கொண்டால் ஒரு பிள்ளை வருஷத்துக்கு ஆயிரம். அந்த ஆயிரம் கவரை விற்றால் என்ன வரும்? பிஸ்கட் கவரை எந்தக் காயலான் கடைக்காரனும் வாங்க மாட்டான். ஆசிரியருக்குச் சம்பளம் அந்தக் குப்பையில் இருந்து வரவில்லை, நன்கொடையில் இருந்து வருகிறது. அப்படியென்றால் குப்பை அங்கே கட்டணம் இல்லை. ஏழைப் பிள்ளை சும்மா படிக்கவில்லை என்று ஊருக்குக் காட்டுகிற ரசீது.

இன்னொன்று. பாமோஹிக்குப் பக்கத்தில்தான் தீபோர் பீல் என்ற பெரிய ஏரி. 2002இல் ராம்சார் சதுப்புநிலப் பட்டியலில் ஏறியது. அந்த ஏரியின் ஓரத்தில்தான் குவஹாத்தி மாநகரம் பல வருஷம் தன் குப்பையை மலை மாதிரி கொட்டிக் குவித்தது. ஏரி ஓரத்தில் ஊர்க் குப்பையைக் கொட்டியவன் எந்தப் பள்ளிக்கும் எதுவும் கட்டவில்லை. குவாரிக்காரன் பிள்ளை எண்ணி 25 கட்ட வேண்டும்.

தாளில் வேறு ஊர்களும் இருந்தன. பீகாரில் போத்கயாவுக்குப் பக்கத்தில் சேவாபீகா என்ற கிராமத்துப் பள்ளியில் பிள்ளைகள் வருகிற வழியில் கிடக்கும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கிக்கொண்டுவந்து வாசலில் இருக்கிற தொட்டியில் போடுகிறார்கள். அதுதான் கட்டணம். புத்தர் ஞானம் பெற்ற இடத்துக்குப் பக்கத்தில். நைஜீரியாவில் லேகோஸ் நகரத்தின் அஜெகுன்லே என்ற ஏழைப் பகுதி. அங்கே தாய்மார்கள் மூட்டை மூட்டையாக பாட்டில் கொண்டுவந்து பள்ளியில் எடை போடுகிறார்கள், அந்தப் பணம் கட்டணத்தில் கழிகிறது. இது ரசீது இல்லை, நிஜமான கட்டணம்தான். 2004லேயே அடிப்படைக் கல்வி இலவசம் என்று அந்த நாடு சட்டம் போட்டிருக்கிறது. சட்டம் போட்ட நாட்டில் தாய் ஏன் பாட்டில் பொறுக்க வேண்டும்? அஜெகுன்லே தாயை நான் குறை சொல்ல மாட்டேன். என் அம்மாவும் அதைத்தான் செய்திருப்பாள். பிள்ளை படிக்கணும்னா மலையையும் சுமப்பாள். அவள் சுமப்பாள் என்று தெரிந்து சுமக்க வைக்கிறார்களே, அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

எனக்குப் பாமோஹியோடோ அஜெகுன்லேயோடோ சண்டை இல்லை. அதை அப்படியே பெயர்த்துக்கொண்டுவந்து எங்கள் காலனியில் நடப் பார்க்கிறார்களே, அவர்களோடுதான் சண்டை. பாமோஹியில் ஜனங்கள் தங்கள் வீட்டு பிளாஸ்டிக்கை எரித்தார்கள், அதை நிறுத்த ஒரு வழி தேடினார்கள். எங்கள் காலனியில் யார் எரிக்கிறார்கள்? ஊர் முழுக்கப் போடுகிற பிளாஸ்டிக்கை விடியற்காலை நாலரை மணிக்குப் போய் அள்ளிக்கொண்டு வருவதே எங்கள் ஜனம்தான். மற்ற ஊரில் குப்பை என்றால் ஒரு பொருள். இந்த ஊரில் குப்பை என்றால் ஒரு தெரு, ஒரு சாதி, ஒரு வசவு. 'குப்பைக்காரன் மவன்' என்று என்னைக் கூப்பிட்ட வகுப்பறைக்குள் நான் குப்பைச் சாக்கோடு நுழைய வேண்டுமா?

தாளாளரிடம் அன்றைக்கே சில கேள்வி கேட்டேன். கிலோவுக்கு என்ன விலை? "அது மார்க்கெட் நிலவரம் சார்." ஷாம்பு சாஷே, கேரி பேக் சேருமா? "அதுக்கு வேல்யூ இல்ல சார். பாட்டில், பால் கவர், கெட்டி பிளாஸ்டிக் மட்டும்." எங்கள் வீட்டில் வாரத்துக்கு எத்தனை பாட்டில் விழும் என்று நினைக்கிறீர்கள்? பதில் இல்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காலனி வீட்டில் விழுவது சாஷேயும் முறுக்குக் கவரும்தான். பாட்டில் ஊருக்குள் விழுகிறது. கல்யாண மண்டபத்தில், லாட்ஜில், டாஸ்மாக் பாரில். அங்கிருந்துதான் பொறுக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம், வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அந்த பாட்டிலுக்கு ஏற்கெனவே ஒரு சொந்தக்காரர் உண்டு. தள்ளுவண்டியில் குப்பை எடுக்கிற எங்கள் ஜனம் பாட்டில், அட்டை, இரும்பு என்று தனியாகப் பிரித்து வண்டியின் ஓரத்தில் ஒரு சாக்கில் கட்டித் தொங்கவிடுவார்கள். வேலை முடிந்ததும் காயலான் கடையில் போட்டால் டீச்செலவுக்கு, காய்கறிக்கு ஆகும். ஒப்பந்தக் கூலிக்காரருக்கு மாசச் சம்பளம் இழுத்தடிக்கிற நாளில் அதுதான் அடுப்பு. அம்மா அந்தச் சாக்குக் காசில்தான் எனக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இப்போது அந்தச் சாக்கு நேராகப் பள்ளிக்குப் போகும். கையில் காசாக வந்தால் அவள் அதை ஃபீசுக்கும் கொடுப்பாள், மாத்திரைக்கும் கொடுப்பாள், முடிவு அவளுடையது. பள்ளி வரவில் ஏறினால் தாளாளருடையது. எடைக்கல்லும் அவருடையது. விலையும் அவருடையது. அந்தக் காலத்தில் ஆண்டை படியளந்த கதைதான். மரக்கால் யார் கையில் இருந்தது என்று நம் பாட்டன்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்போது என் கதை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1977-78இல் ஒன்றிய அரசு ஒரு உதவித்தொகைத் திட்டம் கொண்டுவந்தது. தமிழில் அதற்கு 'சுகாதாரக் குறைவான தொழில் புரிவோரின் குழந்தைகளுக்கான கல்வி உதவித்தொகை' என்று பெயர். மலம் அள்ளுகிறவர், தோல் உரிக்கிறவர், தோல் பதனிடுகிறவர் பிள்ளைகளுக்கு. முதலில் விடுதிப் பிள்ளைகளுக்கு மட்டும், 1991இல் இருந்து வீட்டிலிருந்து போகிற பிள்ளைகளுக்கும். நான் ஏழாவது படிக்கும்போது எனக்குக் கிடைத்தது. அப்பா அப்போது நகராட்சியில். எடுப்புக் கக்கூஸ் தெருக்கள் இரண்டு அவர் பொறுப்பு. பணம் வாங்க ஒரு சான்றிதழ் வேண்டும். இன்னாருடைய தகப்பனார் இன்ன அசுத்தத் தொழிலை இன்றைய தேதியில் செய்துவருகிறார் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். வருஷா வருஷம். அந்தத் தாளை நானே வாங்கி, நானே மடித்து, நானே வகுப்பாசிரியரிடம் கொடுத்தேன். அவர் அதை உரக்கப் படித்தார். படிக்க வேண்டிய அவசியம் இல்லை. படித்தார்.

ஒன்பதாவது போகும்போது அப்பாவுக்கு நெஞ்சு சளி முற்றி ரத்தம் வந்தது. வேலையை விட்டார். ஒரு மர டிப்போவில் இராக்காவலுக்குப் போனார். வாழ்க்கையில் முதல் தடவையாக நாற்றம் இல்லாத சட்டையோடு வீட்டுக்குள் வந்தார். நான் சான்றிதழ் வாங்கப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் சொன்னார்: "உங்கப்பன்தான் அந்த வேலைய விட்டுட்டானே. இனிமே உனக்குக் கிடையாதுடா." அம்மாவுக்கு அப்போது தெருக்கூட்டுகிற வேலைதான், அது அந்தப் பட்டியலில் வராது என்றார். உதவித்தொகை நின்றது. அப்பன் மலத்தை விட்டால் மகன் படிப்பை விட வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா என்னைப் பார்க்கவில்லை. சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டே, "வேணும்னா திரும்பப் போய்ச் சேந்துக்கட்டுமாடா?" என்று கேட்டார்.

1993லேயே அந்தத் தொழிலைத் தடை செய்து பாராளுமன்றம் சட்டம் போட்டுவிட்டது. ஒரு கையால் தொழிலைத் தடை செய்கிறான், இன்னொரு கையால் அந்தத் தொழிலை இன்னும் செய்கிறாய் என்று எழுதி வாங்கி வரச் சொல்கிறான். அந்த உதவித்தொகை இன்றும் இருக்கிறது. பெயர் மாறி, பட்டியல் சாதி மாணவருக்கான பத்தாம் வகுப்பு வரையிலான உதவித்தொகையின் ஒரு பிரிவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. குப்பை பொறுக்குகிறவர் பிள்ளைகளும் இப்போது அந்தப் பட்டியலில் உண்டு. பணம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கட்டும், இன்னும் பத்து மடங்கு கொடுக்கட்டும். தகப்பன் கையில் விளக்குமாறு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொடுக்காதே என்கிறேன். அம்பேத்கர் வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த காலத்தில், 1944இல் தொடங்கியது பட்டியல் சாதி மாணவருக்கான மேற்படிப்பு உதவித்தொகை. அதில் அப்பன் என்ன தொழில் செய்கிறான் என்று சான்றிதழ் கேட்கவில்லை. நாம் பள்ளி இறுதிக்கு மேலே படித்ததெல்லாம் அதனால்தான். இரண்டு உதவித்தொகைக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால் தாளாளர் கொண்டுவந்த திட்டம் எந்தப் பக்கம் சேரும் என்று சொல்லிவிடலாம்.

பிள்ளை உழைத்துத் தன் படிப்புக்குத் தானே கட்டட்டும் என்பது இந்த நாட்டில் புது யோசனையும் இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது பிள்ளைகள் நூற்ற நூலையும் செய்த பொருளையும் விற்று ஆசிரியர் சம்பளத்தைக் கட்டிவிடலாம், பள்ளி தன் செலவைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றார். அந்த மாநாட்டிலேயே பொருளாதார அறிஞர் கே.டி.ஷா எதிர்த்துப் பேசினார். 1953இல் ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக வெட்டி, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். குலக்கல்வி என்று பெரியார் அதன் முகத்திரையைக் கிழித்தார். 1954இல் ராஜாஜி போனார், காமராசர் வந்தார், திட்டம் குப்பைக்குப் போனது. வண்ணான் பிள்ளை வெளுக்கட்டும், நாவிதன் பிள்ளை சிரைக்கட்டும் என்பதை அன்றைக்கு நாடே எதிர்த்தது. இன்றைக்குத் தோட்டி பிள்ளை குப்பை பொறுக்கட்டும் என்று ஒருவன் பசுமை மையில் அச்சடித்துக்கொண்டு வருகிறான். முற்போக்காளர்களே கைதட்டுகிறார்கள். சுற்றுச்சூழல் என்று பெயர் வைத்துவிட்டால் சாதி மட்கிப் போய்விடுமா? பிளாஸ்டிக்கும் மட்காது, அதுவும் மட்காது.

இதற்கு எதிர்வாதம் உண்டு. எனக்கு நெருக்கமான தோழர் ஒருத்தரே சொன்னார்: "காலனிப் பிள்ளைங்க மட்டும் ஏன், எல்லாப் பிள்ளைங்களும் கொண்டு வரட்டும்னு சொல்லலாமே?" சொல்லலாம். கட்டணம் கட்ட முடிந்தவன் பணமாகக் கட்டுவான். முடியாதவன் குப்பையாகக் கட்டுவான். ரெண்டு மாசத்தில் எந்தப் பிள்ளை சாக்கோடு வருகிறது, எந்தப் பிள்ளை சாக்கில்லாமல் வருகிறது என்று வகுப்புக்கே தெரிந்துவிடும். நான் கொண்டுபோன சான்றிதழையாவது மடித்துப் பைக்குள் வைக்க முடிந்தது. சாக்கை எப்படி மடிப்பது? 2022 டிசம்பரில் ஈரோடு மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளை மட்டும் கழிப்பறை கழுவ வைத்த தலைமையாசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். அந்தப் பிள்ளைகளை யார் தேர்ந்தெடுத்தார்கள்? எந்தச் சுற்றறிக்கை சொன்னது? ஒன்றும் வேண்டியதில்லை. பள்ளியில் அசுத்த வேலை ஒன்று வந்துவிட்டால் அதை யார் செய்வது என்று இந்த ஊர் வாத்தியாருக்குச் சொல்லித்தர வேண்டாம்.

"சும்மா கொடுத்தா அருமை தெரியாது, உழைச்சு வாங்கினா சுயமரியாதை" என்பது இன்னொரு வாதம். இதைச் சொன்னவர் சணல் பை. நான் அவரிடம் உங்கள் பிள்ளை எங்கே படிக்கிறது என்று கேட்டேன். சர்வதேசப் பள்ளியாம். வாரம் எத்தனை கிலோ கட்டுகிறது என்று கேட்டதும் கோபித்துக்கொண்டார். சுயமரியாதையை எங்களுக்கே கற்றுக்கொடுக்க வந்துவிட்டார்கள்!

சரி, குப்பைக்கு யார்தான் கட்டுவது? சாஷே எங்கே பிறந்தது என்று தெரியுமா? நம் கடலூரில். ஷாம்புவைச் சின்னக் கவரில் அடைத்து ஏழைக்கும் விற்கலாம் என்று கண்டுபிடித்து, அதில் இருந்து பெரிய சாம்ராஜ்யங்கள் எழுந்தன. பிற்பாடு உலகக் கம்பெனிகள் எல்லாம் பின்னாலேயே வந்தன. லாபம் அவர்களுக்கு. கவர் நமக்கு. 2016 பிளாஸ்டிக் கழிவு விதிகளிலும் 2022இல் அதற்குச் சேர்த்த வழிமுறைகளிலும் தயாரிக்கிறவனே திரும்ப எடுக்க வேண்டும், அதற்கான செலவை அவனே ஏற்க வேண்டும் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தேதியில் இருந்து ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறிகிற 14 வகைப் பொருட்களுக்குத் தடை. தடை பெட்டிக்கடைக்காரன் மேலும் பூக்காரம்மா மேலும் பாய்ந்தது. கம்பெனிக் கவர் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது. கவர் செய்தவனிடம் பணம் வாங்க வக்கில்லாத நாட்டில், கவர் பொறுக்குகிறவன் பிள்ளையிடம் கவரையே கட்டணமாக வாங்குவது எவ்வளவு சுலபம் பாருங்கள்.

2025 ஆகஸ்டில் சென்னையில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் பதிமூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். தனியாருக்கு விடாதே, பணியை நிரந்தரம் செய் என்பதுதான் கேட்டது. நள்ளிரவில் போலீசை விட்டு அப்புறப்படுத்தினார்கள். மறுநாள் அமைச்சரவை கூடி ஆறு நலத்திட்டம் அறிவித்தது. காலைச் சிற்றுண்டி, காப்பீடு, வீடு என்பதோடு பிள்ளைகளின் உயர்கல்விக்கு உதவித்தொகையும் ஒன்று. உதவித்தொகையை யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது தங்கள் பிள்ளைக்குத் தாங்களே ஃபீஸ் கட்டுகிற சம்பளத்தை. நகராட்சியில் நிரந்தரமாக இருந்ததால்தான் என் அம்மா, என் உதவித்தொகை நின்ற பிறகும், என்னைப் பன்னிரண்டாவது வரை தாங்கினாள். ஊர்க் குப்பையை அள்ளியதற்குக் கிடைத்த கூலி அது. அவள் அள்ளினாள், அவளே கட்டினாள். நான் ஒரு காகிதம்கூடப் பொறுக்கவில்லை. பொறுக்க விடமாட்டாள். ஒரு தடவை லீவு நாளில் வண்டி தள்ளப் போனதற்கு விளக்குமாற்றுக் கட்டையாலேயே வாங்கினேன்.

கூட்டம் போன சனிக்கிழமை நடந்தது. போனேன். மேடையில் உட்காரவில்லை. காலனி ஜனத்தோடு கீழே உட்கார்ந்தேன். என் பக்கத்தில் அம்மா. திட்டத்தை விளக்கி முடித்ததும் எழுந்து மூன்றைக் கேட்டேன். முதலாவது, 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 12(1)(சி)-படி நுழைவு வகுப்பில் 25 சதவீத இடம் நலிந்த பிரிவுப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் கொடுக்க வேண்டும், அரசு உங்களுக்குத் திருப்பித் தரும். எங்கள் முப்பது பிள்ளைகளில் எத்தனை பேர் அதில் சேர்ந்திருக்கிறார்கள், பட்டியலைக் காட்டுங்கள். தாளாளர் ஒன்றிய அரசு பணம் தரவில்லை என்றார். 2025-26இல் நிதியை நிறுத்தி வைத்ததால் அந்தச் சேர்க்கையே அக்டோபர் வரை தள்ளிப்போனது உண்மைதான். அதற்கு முந்தின வருஷங்களின் பட்டியல் எங்கே? இரண்டாவது, பிளாஸ்டிக் ஒழிப்பு வேண்டுமென்றால் பள்ளி வாசலில் நீங்கள் நடத்துகிற கேன்டீனில் பாட்டிலும் சாஷேயும் கவரும் விற்பதை நாளைக்கே நிறுத்துங்கள். மூன்றாவது, குப்பை சேகரிக்கிற பயிற்சி பிள்ளைகளுக்கு நல்லது என்றால் முதல் வருஷம் காரில் வந்து இறங்குகிற பிள்ளைகள் செய்யட்டும். எங்கள் பிள்ளைகள் எடை போட்டு, கணக்கு எழுதி, ரசீது கொடுப்பார்கள். கணக்கு நன்றாகவே வரும்.

முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். கேன்டீன் குத்தகைக்காரர் என்னை முறைத்தார். பின்னால் இருந்து ஒரு பெண், என் தம்பி மனைவிதான், "சார், பாக்கிக்கு என்ன வழி, அதச் சொல்லுங்க மொதல்ல" என்றாள். அவள் கேட்டது நியாயம். நான் இவ்வளவு பேசியும் அவள் பிள்ளைக்கு இரண்டு தவணை பாக்கி அப்படியே இருக்கிறது. காலனி இளைஞர் மன்றத்தில் இருந்து பாக்கிப் பட்டியல் எடுத்திருக்கிறோம். அரசுப் பள்ளிக்கு மாற்ற விரும்புகிறவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் கேட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. பாக்கி இருந்தால் சான்றிதழ் தர மாட்டேன் என்கிறார் தாளாளர். பாக்கியைக் காட்டி மாற்றுச் சான்றிதழை நிறுத்தி வைக்க அவருக்கு உரிமை இல்லை, அதற்கு மனு தயாராகிறது. மற்றவர்களுக்குத் தவணை கேட்டிருக்கிறோம்.

அடுத்த கூட்டம் இருபதாம் தேதி. அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறாள். அந்த வழவழப்புத் தாளை மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்திருக்கிறாள். சுண்ணாம்பு மடிக்க ஆகும் என்கிறாள்.